மாவு மில் பெல்ட்

பாகூர் ஏரிக்கரை மேல் போய்க்கொண்டிருந்தபோதுதான் பெல்ட் அறுந்தது. காலை நேரம். மொபெட்டை என் கணவர் ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன், மடியில் சாப்பாட்டுப் பையும் திருத்திய கணக்குத் தாள்களும். திடீரென்று எஞ்சின் தனியாகக் கத்தியது, வண்டி நகரவில்லை. அவர் இறங்கிப் பார்த்தார். எஞ்சினிலிருந்து பெடல் சக்கரத்துக்கு ஓடுகிற கறுப்பு ரப்பர் பெல்ட் பிய்ந்து மண்ணில் கிடந்தது. அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை:

"நைனாகிட்ட சொல்லணும்."

பெல்ட் அறுந்தால் வேறு பெல்ட் வாங்க வேண்டும். அதில் அப்பாவிடம் சொல்ல என்ன இருக்கிறது? எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாகூர் வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனேன். பஸ் போய்விட்டிருந்தது. அன்று தொடங்கிய கோபம்.

எழுபதுகளின் கடைசி அது. குருவிநத்தத்தில் எங்கள் வீட்டை சொல்தா வூடு, அதாவது சிப்பாய் வீடு, என்பார்கள். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து இந்தோசீனா வரைக்கும் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தவர். பென்ஷன் பிரான்சிலிருந்து வரும். மூத்த மகன், அதாவது என் மூத்தார், பாரீஸ் பக்கம் வேலையில் இருந்தார். அந்த மொபெட் அவர் கப்பலில் அனுப்பியது. ஊரில் அப்படி ஒரு வண்டி வேறு யாரிடமும் இல்லை. மாமனார் தினமும் சாயங்காலம் அதைத் துணியால் துடைப்பார். அவர் ஓட்ட மாட்டார், கண் சரியில்லை. ஆனால் அது அவர் வண்டி. என் கணவர் அதில் பாகூருக்கு நெல் மண்டிக்கு வேலைக்குப் போவார். வழியில் என்னை பஸ்ஸில் ஏற்றிவிடுவார். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி பண்டசோழநல்லூர் பள்ளிக்கூடத்துக்கு நான் போக வேண்டும். ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததும் போய்விடும்.

மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகியிருந்தார். ஆக, விடியும் முன் எழுந்து மூன்று பேருக்கும் சமைத்து, மாமனாருக்கு மத்தியானச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். மொபெட் இல்லையென்றால் அந்தக் கணக்கு முழுக்கக் கலைந்துபோகும்.

அன்று சாயங்காலம் மாமனார் அறுந்த பெல்ட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பெரியவனுக்கு எழுதறேன். அவன் அனுப்புவான்."

"மாமா, புதுச்சேரியிலே கெடைக்காதா?" என்று கேட்டேன்.

"கெடைக்கும். நம்ம ஊரு ரப்பர். வெயில்ல வச்சா பிச்சிக்கும். பிரான்ஸ்காரன் வண்டிக்குப் பிரான்ஸ்காரன் பெல்ட்டுதான் போடணும்."

என் கணவர் தலையாட்டினார். அவர் தலையாட்டியதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்திக்கூடப் பேச மாட்டார். ஆனால் அவருடைய அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு வாயே இருக்காது.

கடிதம் போனது. பதில் வந்தது: விசாரிக்கிறேன் என்று. பிறகு ஒன்றும் வரவில்லை. என் கணவர் பக்கத்துத் தெருக்காரரிடம் சைக்கிள் இரவல் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனார். வரப்பிலும் வண்டிப் பாதையிலும் இரண்டு பேரை வைத்து அந்தச் சைக்கிளை மிதிக்க முடியாது. நான் நடந்தேன். மழைக்காலத்தில் அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று நடந்தவர்களுக்குத் தெரியும். புடவைக் கரை முழுக்கச் சேறு. பள்ளிக்கூடத்துக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குள் நுழையும்போது பாதி நாள் தலைமையாசிரியர் என் வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் மெமோ கொடுத்தார். வண்டி கெட்டுப்போனதைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டார்:

"ஒங்க மாமனாருக்குத்தான் பிரான்ஸ் பென்ஷன் வருதே. நீங்க எதுக்கும்மா இவ்ளோ தூரம் வந்து கஷ்டப்படறீங்க?"

மெமோவை மடித்துப் பையில் வைத்தேன். வாயைத் திறந்திருந்தால் வேலை போயிருக்கும். நான் படித்த படிப்பு, என் அம்மா நிலத்தை அடமானம் வைத்துப் படிக்கவைத்த படிப்பு, அவருக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. வீட்டிலும் அப்படித்தான். மெமோவைக் காட்டியபோது மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. வந்துரும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரை இழுத்துக்கொண்டு புதுச்சேரி போனேன். மோட்டார் சாமான் கடைகளில் ஏறி இறங்கினோம். பெல்ட்டுத் துண்டு என் கையில், கேள்வி கேட்டது நான், பதில் மட்டும் அவருக்குச் சொன்னார்கள். ஒரு கடையில், "இதெல்லாம் வெளிநாட்டுச் சாமான் சார், ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்கணும்" என்று சொல்லிவிட்டு ஒரு விலை சொன்னான். என் சம்பளத்தில் பாதிக்கு மேல். எதற்கு அவ்வளவு என்று நான் கேட்டேன். கடைக்காரன் என் கணவரைப் பார்த்து, "மேடத்துக்கு இதெல்லாம் புரியாது சார்" என்றான். கணவர் தலையாட்டினார்.

திருக்கனூர் பக்கம்தான் என் பிறந்த வீடு. தீபாவளிக்குப் போயிருந்தபோது பெல்ட்டுத் துண்டையும் கொண்டுபோனேன். கடைத்தெருவில் ஒரு பாய் பம்புசெட்டு, ரைஸ் மில் சாமான்கள் விற்றுக்கொண்டிருந்தார். கடையின் உத்தரத்தில் பெல்ட்டுகள் வளையம் வளையமாகத் தொங்கும். சின்ன வயதிலிருந்து அந்தக் கடையைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

பாய் துண்டை வாங்கி இன்ச் டேப் வைத்து அளந்தார். கொக்கிக் கம்பியால் ஒரு பெல்ட்டை இறக்கினார்.

"இந்தாம்மா. அப்படியே ஒக்காரும்."

"பாய், இது அகலமா இருக்குதே."

"பழசு தேஞ்சிருக்குதும்மா. புதுசு இப்படித்தான் இருக்கும். நா சொல்றேன் இல்ல? எடுத்துனு போ."

ஒரு ஜாக்கெட் துணி விலைகூட ஆகவில்லை. சந்தோஷத்தில் வேறெதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாட்டினோம். எஞ்சினைப் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டால் பெல்ட் தளரும், அப்போது முதலில் எஞ்சின் பக்கத்துச் சின்ன புல்லியிலும் அடுத்து பெடல் பக்கத்துப் பெரிய புல்லிச் சக்கரத்திலும் ஏற்றிவிடலாம். கணவர் தள்ளிப் பிடித்தார், நான் ஏற்றினேன். மாமனார் வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பித் தெருமுனை தாண்டியதுமே கருகல் நாற்றம் வந்தது. பெல்ட் புல்லியின் பள்ளத்துக்குள் இறங்காமல் விளிம்பின் மேலேயே நின்று உரசியிருக்கிறது. இறங்கிப் பார்த்தபோது ஓரம் முழுக்கத் தீய்ந்து புகைந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தோம்.

மாமனார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நா இன்னா சொன்னேன்?"

அவ்வளவுதான் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த திருப்தியை நான் மறக்க மாட்டேன். மருமகள் தினமும் சேற்றில் நடப்பதைவிடத் தான் சொன்னது சரியாக இருப்பது அவருக்குப் பெரிதாக இருந்தது. அன்று இரவு சோறு போடும்போது கரண்டியைச் சட்டியில் நான் தட்டிய தட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டிருக்கும்.

அடுத்த தடவை போகும்போது நான் வெறும் துண்டை நம்பிப் போகவில்லை. இரண்டு மெழுகுவத்தியை வெதுவெதுப்பாக்கிப் பிசைந்து, புல்லியின் பள்ளத்தில் எண்ணெய் தடவி, உள்ளே வைத்து அமுக்கி அச்சு எடுத்தேன். இறுகியதும் பெயர்த்து ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டுக்கொண்டேன். அறுந்த பெல்ட்டின் நீளத்துக்கு ஒரு சரடு. தீய்ந்த பெல்ட். மூன்றையும் எடுத்துக்கொண்டு தனியாகவே திருக்கனூர் போனேன். கணவரைக் கூப்பிடவில்லை. அவர் வந்தால் கடைக்காரர் அவரிடம்தான் பேசுவார்.

பாய் தீய்ந்த பெல்ட்டைப் பார்த்ததுமே கையை ஆட்டினார்.

"ஓட்டின பெல்ட்டுத் திருப்பி எடுக்க மாட்டோம்மா."

"எடுக்க வேணாம். மேல தொங்கற எல்லாத்தையும் எறக்குங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். நீங்கதானே அப்படியே ஒக்காரும்னு சொன்னீங்க? எது ஒக்காருதுன்னு நானே பாத்துக்கறேன்."

"கடையிலே ஆளுங்க நிக்கறாங்க பாரு..."

"நிக்கட்டும். அவங்களுக்கும் நீங்க இப்படித்தானே குடுப்பீங்க? தெரிஞ்சிக்கட்டும்."

என் குரல் தெருவரைக்கும் போயிருக்க வேண்டும். பம்புசெட்டுக்கு வாஷர் வாங்க வந்த ஒரு ஆள், "எறக்குங்க பாய், டீச்சர் சும்மா வுடாது போல" என்றார். பாய் முணுமுணுத்துக்கொண்டே கொக்கிக் கம்பியை எடுத்தார். பெல்ட்டுகள் ஒவ்வொன்றாக மேசைமேல் விழுந்தன. ஒவ்வொன்றையும் மடக்கி மெழுகு அச்சோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். பம்புசெட்டு பெல்ட்டெல்லாம் அகலம். சரியான அகலத்தில் இருந்தவை மெல்லிசானவை, வீட்டில் வைத்து அரைக்கிற சின்ன மாவு மில்லுக்கு ஓடுபவை. அதிலும் பாய் உள்பக்கம் அளந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் வெளிப்பக்கம் சரடைச் சுற்றிப் பார்த்தேன், நீளம் அதிகம். அறுந்த பெல்ட்டின் முதுகுப் பக்கம் வைத்துத்தான் நான் சரடை அளந்திருந்தேன். அதைவிட ஒரு அளவு சின்னதை எடுத்தேன். சரடு முனையோடு முனை சேர்ந்தது. மெழுகும் பெல்ட்டும் ஒட்டிக்கொண்டு நின்றன.

முதல் பெல்ட்டுக்கும் சேர்த்து விலை குறைத்துக் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தார். அப்போது நான் கேட்டு யாரும் கொடுக்காமல் இருந்திருக்க முடியாது.

அந்தப் பெல்ட் உட்கார்ந்தது. சத்தமில்லாமல் ஓடியது. பஸ்ஸைப் பிடித்தேன். தலைமையாசிரியர் என் வகுப்பில் நாற்காலி போடுவதை நிறுத்தினார். மாமனார் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, ஓட்டாதே என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வழக்கம்போல வண்டியைத் துடைத்தார். சரி, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

அப்படியே விட்டிருப்பேன். ஜூலை பதினாலு வந்தது. பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். சொல்தா வீட்டுக்காரர்கள் அன்று மெடல் குத்திக்கொண்டு புதுச்சேரிக்குப் போய் மரியாதை செய்துவிட்டு வருவார்கள். அந்த வருஷம் மாமனார் தன்னோடு பட்டாளத்தில் இருந்த நாலைந்து பேரை மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நான் லீவு போட வேண்டும் என்று அவரே முடிவு செய்துவிட்டார். ஆட்டுக்கறி, மீன், வடை, பாயசம். புதுச்சேரி ரொட்டியும் வாங்கி வைத்திருந்தார்கள். காலையிலிருந்து அடுப்படியில் வெந்துகொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்கு உட்காரும் முன் வந்தவர்களுக்கு வண்டியைக் காட்டினார். மேசையில் உட்கார்ந்த பிறகும் அதே பேச்சு. ஒருவர் கேட்டார்:

"பெல்ட்டு அறுந்து கெடந்துச்சுன்னு சொன்னியேப்பா? இப்ப எப்படி ஓடுது?"

நான் கறிச்சட்டியோடு உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தேன். மாமனார் சொன்னார்:

"பெரியவன் அனுப்பிச்சான். பாரீஸ்லேர்ந்து. அந்த ஊரு ரப்பரே தனி. சத்தம் வருதா பாருங்க? வராது."

சட்டியைக் கீழே வைத்தேன்.

"மாமா, அது திருக்கனூர் பெல்ட்டு. மாவு மில்லுக்குப் போடறது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமனார் சிரித்தார்.

"மருமவ தமாஷ் பண்ணுது."

கணவரைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்க. யாரு வாங்கியாந்தது?"

அவர் இலையைப் பார்த்துக்கொண்டே, "வந்தவங்க சாப்புடட்டும். அப்பறம் பேசிக்கலாம்" என்றார்.

அப்பறம். சேற்றில் நடந்தபோதும் அப்பறம்தான். மெமோ வந்தபோதும் அப்பறம்தான். நான் கடைத்தெருவில் நின்று கத்தி, ஆட்கள் வேடிக்கை பார்க்க, மெழுகை வைத்து ஒட்டிப் பார்த்து வாங்கி வந்ததை, பாரீஸில் உட்கார்ந்துகொண்டு ஒரு கடிதத்தோடு மறந்துபோன மனுஷர் அனுப்பியதாக ஆக்க இவர்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வாசலுக்குப் போனேன். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை முட்டியால் தள்ளிப் பிடித்துக்கொண்டு பெல்ட்டை உருவினேன். கையெல்லாம் கரி. அப்படியே உள்ளே வந்து மேசைமேல், ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தேன். மேட் இன் இந்தியா என்று வெள்ளை எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது, அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்தேன்.

வந்திருந்தவர்களில் வயதானவர் ஒருவர் குனிந்து படித்தார். படித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "முசே, ஒங்க பாரீஸ் திருக்கனூர்லயா கீது?" என்று பிரெஞ்சு மரியாதையோடு கேட்டார்.

மாமனார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

அவர்கள் போன பிறகு கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"நாலு பேரு முன்னாடி நைனாவ அசிங்கப்படுத்திட்டியே. நல்லாருக்குதா?"

"நாலு பேரு முன்னாடிதானே அவரு பொய் சொன்னாரு? அது நல்லாருக்குதா?"

"வயசானவரு. ஒரு பேச்சுக்குச் சொன்னாரு. ஒனக்கு இன்னா கொறஞ்சு போச்சு?"

"எனக்கு இன்னா கொறஞ்சு போச்சுன்னு தெரியாத ஆளுகிட்ட நா இன்னா பேசறது?"

பெல்ட்டைக் கழுவித் துடைத்து என் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் காலை கணவர் வந்து கேட்டார். கொடுக்கவில்லை.

"நா ஓட்டக் கத்துக்கறேன். கத்துக்குடுத்தா மாட்டறேன். ஒங்கள பாகூர்ல எறக்கிட்டு நானே பண்டசோழநல்லூர் போயிக்கறேன். இல்லன்னா பாரீஸ் பெல்ட்டு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் நடக்கலாம்."

சில நாள் நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரே வந்து, "வா, ஏரிக்கரைக்குப் போவலாம்" என்றார். பெடலை மிதித்துக் கிளப்பக் கற்றுக்கொண்டேன். இரண்டு தரம் விழுந்தேன், ஒரு தரம் முட்டி பெயர்ந்தது. கரையில் மாடு மேய்த்தவர்கள் கூடி நின்று சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. ஒரு திங்கட்கிழமை அவரைப் பின்னால் உட்காரவைத்துத் தெருவழியாக ஓட்டிக்கொண்டு போனேன். மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான், எல்லாம் முடிந்த பிறகு, பாரீஸ் பார்சல் வந்தது. மாமனாரே பிரித்தார். பளபளவென்று அட்டைப் பெட்டிக்குள் பெல்ட். எனக்கு எதிரில் மாட்டச் சொன்னார். மாட்டவே முடியவில்லை. நீளமும் பத்தவில்லை, அகலமும் இல்லை. புது மாடல் வண்டிக்கு உள்ளதை மூத்தார் வாங்கி அனுப்பியிருக்கிறார். என் கணவர் இழுத்துப் பார்த்தார், எஞ்சினைத் தள்ளிப் பார்த்தார், வியர்த்து நின்றார்.

மாமனார் புல்லியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மாவு மில்லு பெல்ட்டப் போட்டு ஓட்டி ஓட்டி புல்லியே பெருசாயிடுச்சு."

புல்லி பெருசாகுமா? இரும்பு தேயும், பருக்குமா? எனக்கு வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயமாக இருந்தது. கணவர் கையிலிருந்த பெல்ட்டை வாங்கி அட்டைப் பெட்டியில் திரும்பப் போட்டேன். என் பெல்ட்டை எடுத்து மாட்டினேன். பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

அந்த வண்டி பிறகும் பல வருஷம் ஓடியது. பெல்ட் தேயும், திருக்கனூர் போவேன், பாய் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கொக்கிக் கம்பியைக் கையில் எடுத்துக்கொள்வார். எப்போதும் இரண்டாக வாங்கி ஒன்றை வண்டிப் பையில் வைத்திருப்பேன். மாமனார் கடைசி வரைக்கும் என் பின்னால் உட்கார்ந்ததில்லை. பாகூருக்குப் பென்ஷன் விஷயமாகப் போவதென்றால் மாட்டு வண்டிக்குக் காத்திருப்பார். காத்திருக்கட்டும் என்று நானும் கூப்பிட்டதில்லை.

அவர் காலமாகிச் சில வருஷம் கழித்து, பாகூரில் டீக்கடை வாசலில் நாங்கள் நின்றிருந்தபோது யாரோ வண்டியைத் தடவிப் பார்த்து, "பிரான்ஸ் வண்டியாச்சே, பெல்ட்டு எங்க கெடைக்குது?" என்று கேட்டார்.

"பிரான்ஸு இன்னா பிரான்ஸு. மாவு மில்லு பெல்ட்டு. வூட்டுக்காரம்மா கண்டுபுடிச்சது" என்றார் என் கணவர், டீயை ஆற்றிக்கொண்டே, வெகு சாதாரணமாக.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருப்பார். எனக்கு வந்தது கோபம்தான். இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிகிற வார்த்தை. இதற்கு டீக்கடை எதற்கு, இத்தனை வருஷம் எதற்கு, அந்த மனுஷர் சாக வேண்டியது எதற்கு? டம்ளரைப் பலகைமேல் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அவர் ஓடிவந்து ஏறிக்கொண்டார்.